கழற்றிப் பூட்டு – 9: டிராக்டர் வீட்டுப் பங்காளி

சென்ற வாரம் ஹெட்டைத் தூக்கி, எங்கள் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் நான்கு பிஸ்டன்களையும் உருவி வைத்ததோடு நின்றோம். புதிதாக வந்து சேர்பவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளவும். முன்கதையை நீட்டினால் ஆசிரியர் கத்தரியைக் கையில் எடுத்துவிடுவார்.

இந்த வாரம் ரீபோர், அதாவது தேய்ந்த சிலிண்டர் துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைவது, என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ரீபோருக்கு அனுப்பும் முன் பிளாக்கைச் சுத்தம் செய்தாக வேண்டும். அங்கேதான் வாரம் போய்விட்டது.

பிளாக்கின் பக்கவாட்டில் வட்டமான தகட்டு மூடிகள் இருக்கும். அவற்றைத் தட்டி எடுத்தால் சிலிண்டர்களைச் சுற்றித் தண்ணீர் ஓடும் வழி தெரியும். தெரிய வேண்டும். எங்களுக்குத் தெரிந்தது துருவும் சுண்ணாம்பும் கலந்து இறுகிய ஒரு சாந்து. முன்பு இந்த வண்டியை வைத்திருந்தவர்கள் போர் தண்ணீரை அப்படியே ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறார்கள். அரியலூர்ப் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்தே வருகிறது. சூடு பட்டதும் அது பிரிந்து இரும்பில் படியும். அதிலும் பம்புக்குத் தொலைவில், கடைசியில் உட்கார்ந்திருக்கும் நாலாம் சிலிண்டரைச் சுற்றிப் படிந்திருந்த கனம் இருக்கிறதே! சூடு வெளியேற வழியில்லாமல் அந்த பிஸ்டன் மட்டும் ஏன் அவ்வளவு கீறல் விழுந்து வந்தது என்ற கேள்விக்கும் இதோடு விடை கிடைத்தது.

கல்லங்குறிச்சிப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பாறையில் சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்பு சிமென்ட் ஆகி லாரியில் ஏறுகிறது, நிலத்தடி நீரில் கரைகிறது, கடைசியில் ஒரு பழைய காரின் வயிற்றில் போய் உட்காருகிறது.

ஆசிட் ஊற்றலாமே என்பார்கள். சுண்ணாம்பு கரையும், கொஞ்சம் அசந்தால் இரும்பும் கூடவே கரையும். கம்பியால் கிண்டுவதும் குழாயால் பீய்ச்சுவதுமாகப் பொழுது போயிற்று. உதவிக்கு வந்திருந்தவர் பெரம்பலூரில் டிராக்டர் எஞ்சின் வேலை பார்க்கும் மெக்கானிக். சலித்துப்போய்ச் சொன்னார்: "இதுவே தண்ணி லைனர் எஞ்சினா இருந்தா லைனரை உருவிட்டு உள்ள கையை விட்டே சுரண்டிடலாம் சார். கார் எஞ்சின்ல அதெல்லாம் ஏது?"

உண்டு. அதுவும் ஸ்போர்ட்ஸ் காரில் உண்டு. இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான்.

நம் ஹெரால்டைச் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1948-இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம். ஹெரால்டு வரும் முன்பே, ஐம்பதுகளில், வண்டலூரில் ஸ்டாண்டர்டு வான்கார்டு என்ற கனத்த காரைப் பூட்டி விற்றார்கள். அந்த வான்கார்டின் எஞ்சினில் சிலிண்டர் என்பது பிளாக்கோடு சேர்ந்த துளை அல்ல. தனிக் குழாய், அதுதான் லைனர். பிளாக்கினுள் இறக்கி வைத்தால் அதன் வெளிப்புறத்தைத் தண்ணீர் நேராகத் தொட்டு ஓடும். அடியில் இரண்டிரண்டு லைனருக்குச் சேர்த்து எட்டு வடிவத்தில் ஒரு மெல்லிய பேக்கிங். லைனரின் தலை பிளாக்கின் மட்டத்துக்கு மேல் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பங்கு துருத்தி நிற்க வேண்டும். அப்போதுதான் ஹெட்டை இறுக்கும்போது அது அமுங்கி உட்கார்ந்து தண்ணீரை அடைக்கும். தேய்ந்துபோனால் பழையதை உருவிப் புதியதை இறக்கலாம். ரீபோர் பட்டறை வாசலில் காத்துக் கிடக்க வேண்டாம்.

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஸ்டாண்டர்டு நிறுவனம் காரோடு டிராக்டரும் செய்துகொண்டிருந்தது. ஹாரி ஃபெர்குசனின் டி.இ.20 டிராக்டர். சாம்பல் நிறத்தில் இருக்கும். வான்கார்டுக்கு வடித்த அதே குடும்பத்து எஞ்சினை அதற்கும் பூட்டினார்கள். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 92 மி.மீ. அது மாறவில்லை. துளையின் அகலம் மட்டும் மாறியது. டிராக்டருக்கு முதலில் 80 மி.மீ., ஆக 1850 சிசி. வான்கார்டுக்கு 85 மி.மீ., ஆக 2088 சிசி. பிறகு அதே எஞ்சினை எடுத்து 83 மி.மீ. லைனரை இறக்கி, 1991 சிசியாக்கி, கார்ப்புரேட்டரை இரட்டையாக்கி, இரண்டு பேர் உட்காரும் திறந்த கார் ஒன்றில் வைத்தார்கள். அதன் பெயர் டிரையம்ப் டிஆர்2. டிராக்டரில் 30 குதிரைத்திறனைக்கூட எட்டாத இரும்பு, இங்கே 90 குதிரைத்திறன் கொடுத்தது. 1953 மே 20-ஆம் தேதி பெல்ஜியத்தின் ஜபெக் நெடுஞ்சாலையில் அந்தக் கார் மணிக்கு 124 மைல் வேகத்தைத் தொட்டது. சுமார் 200 கிலோமீட்டர்!

இதற்கு ஒன்பதாம் நாள், மே 29-ஆம் தேதி, டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்டின் உச்சியில் நின்றார்கள். இதை ஏன் இங்கே இழுக்கிறேன் என்றால், அதே ஹிலாரி 1958 ஜனவரி 4-ஆம் தேதி தென் துருவத்தை அடைந்தார். எதில் போனார்? ஃபெர்குசன் டிராக்டரில். சக்கரங்களைச் சுற்றிச் சங்கிலிப் பட்டை மாட்டி, பனிக்காற்றுக்குச் சுற்றிலும் படுதா கட்டி, உழவு வண்டியிலேயே அந்தப் பனிப்பாலையைக் கடந்துவிட்டார். தரைவழியாக மோட்டார் வண்டியில் துருவம் போனதில் அதுவே முதல். ஓடியது நம் வான்கார்டு குடும்பத்து பெட்ரோல் எஞ்சின்தான்.

மெக்கானிக்கிடம் இதைச் சொன்னேன். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம ஃபெர்குசனா?" என்றார். ஆமாம், அதே பெயர்தான். ஃபெர்குசன் 1953-இல் மாஸே ஹாரிஸ் நிறுவனத்தோடு சேர்ந்தார். அந்தக் கூட்டு நிறுவனத்தோடு கைகோத்து 1960-இல் சென்னையில் தொடங்கியதுதான் டாஃபே. பெரம்பலூர் மக்காச்சோளக் காட்டில் ஓடும் சிவப்பு டிராக்டர்களின் மூக்கில் ஃபெர்குசன் பெயர் இன்னும் இருக்கிறது. எஞ்சின் இப்போது டீசல், வேறு குலம். ஆனால் எந்த நிற டிராக்டராக இருந்தாலும் பின்னால் அஞ்சு கலப்பையையும் ஒன்பது கலப்பையையும் மூன்று இடத்தில் மாட்டித் தூக்கி இறக்குகிறோமே, அந்த ஏற்பாட்டை உலகமெங்கும் பரப்பியவர் இந்த ஃபெர்குசன்தான். ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இதைவிடப் பெரிய இடத்துச் சொந்தம் கொண்டாட முடியாது என்பது என் கட்சி.

சரி, நம் பிளாக்குக்கு வருவோம். ஹெரால்டு எஞ்சினில் அந்த லைனர் வசதி இல்லை. ஆனால் பங்காளி முறை இங்கேயும் அதேதான். 1953-இல் ஸ்டாண்டர்டு எய்ட் என்ற சின்னக் காருக்குச் செய்த 803 சிசி எஞ்சினில் துளை 58 மி.மீ., ஸ்ட்ரோக் 76 மி.மீ. துளையை 63 ஆக்கினார்கள்: 948 சிசி, நம் ஹெரால்டு. 69.3 ஆக்கினார்கள்: 1147 சிசி, 1962-இல் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார். பிறகு 73.7: 1296 சிசி. அதுவரை ஸ்ட்ரோக் 76-லேயே நின்றது. வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் உருளையின் கனஅளவுச் சூத்திரத்தைப் போடச் சொல்லுங்கள். எல்லாம் நான்கு சிலிண்டர், விடை சரியாக வரும். 1147 சிசி ஸ்பிட்ஃபயர் 1965-இல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. நம் வண்டலூர்க்காரர்களோ 1961-இல் பிடித்த 948-ஐ ஹெரால்டு நிற்கும்வரை விடவே இல்லை.

அப்படியானால் நம் 63-ஐக் கடைந்து 69.3 ஆக்கி ஸ்பிட்ஃபயராக்கிவிடலாமா என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். கூடாது. இந்த பிளாக்கின் சுவரில் அவ்வளவு சதை இல்லை. கடைந்தால் தண்ணீர் வழி திறந்துகொள்ளும். ஓவர்சைஸ் என்று அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, இருபது, முப்பது பங்கு எடுப்பதே இதற்கு மரியாதை.

கிராங்கைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அதை வெளியே எடுத்துவிட்டோம். இந்த எஞ்சின் குடும்பத்தின் தீராத நோய் அங்கேதான் இருக்கிறது. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பவை கடைசி மெயின் பேரிங்கின் இருபுறமும் செருகிய பிறை வடிவ வாஷர்கள் இரண்டு மட்டுமே. கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. ரயில்வே கேட்டில் நியூட்ரல் போடாமல் கிளட்சை மிதித்தபடியே காத்திருந்தால் வாஷர் தேய்ந்து ஒருநாள் சம்ப்பில் விழும். அதன்பின் கிராங்க் பிளாக்கையே அரைக்கும். ஹெரால்டோ ஸ்பிட்ஃபயரோ வைத்திருப்பவர்கள் எஞ்சினைப் பிரிக்காமலே சோதிக்கலாம். ஒருவர் கிளட்சை மிதிக்கட்டும், இன்னொருவர் முன்னால் நின்று ஃபேன் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியைப் பார்க்கட்டும். 0.1 முதல் 0.2 மி.மீ. வரை அசைவு இருக்கலாம். கண்ணுக்கே பளிச்சென்று தெரியும்படி நகர்ந்தால் வண்டியை அப்படியே நிறுத்திவிடுங்கள். எங்களுடையது தேய்ந்திருக்கிறது, விழவில்லை.

ரீபோர் அடுத்த வாரம். பிளாக் திருச்சிக்குப் போகிறது. இதற்கிடையே, தாத்தா காலத்து ஹெரால்டுக்கு வாங்கிப் பிரிக்காமல் வைத்த 63 மி.மீ. பிஸ்டன், இருபது ஓவர்சைஸில், யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் இதழின் முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள். விலையைப் பேசிக்கொள்ளலாம். டிஆர்2 வைத்திருப்பவர் எவரேனும் தமிழ்நாட்டில் இருந்தால் அவரும் எழுதலாம், வண்டி கேட்க மாட்டேன், லைனரை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன்.