அறிவுரை கூறாத ஆலோசகர்

உடற்பயிற்சி நன்மை பயக்கும் என்பதை அறியாதவர் நம்முள் எவரும் இலர். அறிந்தும் செய்யாதிருப்பவரே பலர். உலகச் சுகாதார நிறுவனத்தார் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, 2022இல் நம் நாட்டில் வயது வந்தோருள் ஏறக்குறையப் பாதிப் பேர் போதிய உடலுழைப்பின்றி இருந்தனர். பெண்களுள் நூற்றுக்கு 57 பேர், ஆண்களுள் 42 பேர். போதிய அளவு என்று அந்நிறுவனம் குறிப்பதோ வாரத்திற்கு 150 நிமிட மிதமான உழைப்புத்தான். விரைந்து நடந்தாலே போதும். நாளொன்றுக்கு அரைமணி நேரமும் ஆகாது.

இத்தகையோர்க்கு நாம் வழக்கமாக வழங்குவது அறிவுரை. டாக்டர் கண்டிக்கிறார், வீட்டார் நினைவூட்டுகின்றனர். கண்டிக்கப்பட்டவர் என்ன செய்கிறார்? தம் பக்கத்து நியாயங்களை எடுத்துரைக்கத் தொடங்குகிறார். அலுவலகம் தொலைவு, மாலையில் களைப்பு, முழங்காலில் வலி. சொல்லச் சொல்ல அந்நியாயங்களில் அவருக்கே நம்பிக்கை வலுக்கிறது! குடிப்பழக்கத்திற்கு ஆளானோரிடம் இதனைக் கூர்ந்து கவனித்த அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் மில்லர், வேறொரு வழியை 1983இல் ஒரு கட்டுரையாக எழுதினார். பின்னர் ஸ்டீபன் ரோல்னிக் என்பாருடன் இணைந்து 1991இல் அதனை நூலாக விரித்தார். நாளடைவில் அம்முறை உடற்பயிற்சிக்கும் பயன்படலாயிற்று.

அம்முறைக்கு மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்று பெயர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயர் பெருந்தொல்லை. ‘நேர்காணல்’ என்றால் தேர்வாணையத்தின் நீண்ட மேசைதான் கண்முன் தோன்றும். ‘ஊக்குவித்தல்’ என்றாலோ பின்னாலிருந்து ஒருவர் தள்ளுவது போல ஆகிவிடும். உண்மையில் இங்கே எவரும் தள்ளுவதில்லை. நடக்க வேண்டும் என்பதற்கான காரணத்தை ஆலோசகர் கூறாமல், வந்தவர் வாயிலிருந்தே வெளிவரச் செய்வதுதான் இதன் சாரம்.

இதனை விளக்க ஓர் உரையாடலைக் கற்பனை செய்து பார்ப்போம். டெல்லி ராமகிருஷ்ணபுரத்தில் வசிக்கும் ஐம்பது வயது அம்மையார் ஒருவர். அலுவலகத்தில் கணக்குப் பிரிவு. ஆலோசகர் கைப்பேசித் திரையில் தோன்றுகிறார்.

“அம்மா, நாள்தோறும் நடப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்லுங்களேன்.”

“நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.”

“ஏன் இரண்டு என்று சொல்லவில்லை?”

‘ஏன் எட்டு இல்லை’ என்று கேட்டிருந்தால் அம்மையார் தடைகளை அடுக்கியிருப்பார். ‘ஏன் இரண்டு இல்லை’ என்றதும் சற்று யோசிக்கிறார்.

“தைப்பூசத்திற்கு மலை மந்திர் போனோம். படியேறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டேன். என்னைவிட மூத்தவர் நாத்தனார். அவர் நில்லாமல் ஏறிப் போனார்.”

“அது உங்களை உறுத்தியிருக்கிறது.”

“உறுத்தாதா பின்னே? அடுத்த தைக்கு நானும் ஏறிவிட வேண்டும்.”

சர்க்கரை நோய் பற்றிய எச்சரிக்கைகள் செய்யாததை நாத்தனார் செய்துவிட்டார்! இனி ஆலோசகர் கேட்கவேண்டியது, “முதலில் எதைச் செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?” என்பதே. விடையும் அம்மையாருடையதாகவே இருக்க வேண்டும். நெஞ்சுவலியோ இருதயக் கோளாறோ உள்ளவர் மட்டும் டாக்டரின் இசைவைப் பெற்ற பின்னரே தொடங்குதல் வேண்டும்.

‘உறுத்தாதா பின்னே’ என்பதை அவ்வம்மையார் இந்தியில் சொல்லியிருப்பாரா? கடைவீதிக்குப் போதுமான இந்தி நம்மில் பலர்க்கும் உண்டு. உள்ளத்தின் உறுத்தலைச் சொல்ல அது போதுவதில்லை. டாக்டரிடம் ‘சுகர்’, ‘பிபி’ என்ற இரு சொற்களோடு பேச்சை முடித்துக்கொள்கிறோம். பேசுபவரின் சொல்லையே மருந்தாகக் கொண்ட ஒரு முறைக்கு இஃது எத்தகைய தடை! தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இணையவழி ஆலோசனையின் பெரும்பயன் இதுவே. ஆலோசகர் மதுரையிலிருந்தே பேசலாம். நமக்கு டெல்லியிலிருந்து குவாஹாட்டிக்கு மாற்றலாயினும் பேச்சு அறுபடாது. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையில், 14416 என்ற எண்ணில், மனநலம் பற்றித் தமிழிலும் பேசலாம். அது உடற்பயிற்சிக்கென ஏற்பட்டதன்று. எனினும் தாய்மொழியில் தொலைதூர ஆலோசனை இயலும் என்பதற்கு அது சான்று.

குறைகளும் உண்டு. இரண்டே அறைகள் கொண்ட குடியிருப்பில் வீட்டார் செவிபடாமல் பேசுவது அரிது. சிலர் மொட்டை மாடியை நாடுகின்றனர். ‘இன்று இன்னும் இரண்டாயிரம் அடிகள் நடக்க வேண்டும்’ என்று இயந்திரம் அனுப்பும் செய்தியை ஆலோசனை என்று மயங்குவோரும் உளர். அது பழைய அறிவுரையே; அனுப்புவது மட்டும் இயந்திரம்.

பலன் எவ்வளவு? இம்முறையை உடலுழைப்புக்குப் பயன்படுத்திய 97 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரையொன்று 2024இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. மக்களின் உடலுழைப்பு ஓரளவு கூடியது; ஆனால் நாட்பட நாட்பட அப்பயன் தேய்ந்தது; ஓராண்டுக்கு அப்பால் நிலைத்ததற்குச் சான்று கிட்டவில்லை. ஆதலால் நாலைந்து வாரங்களோடு பேச்சை நிறுத்திவிடாமல், மாதம் ஒருமுறையேனும் தொடர்வதே தக்கது என்பது நம் கருத்து. டெல்லியில் வாழ்வோர், நடக்க முடியாத புகைமூட்ட நாட்களில் என்ன செய்வது என்பதை ஐப்பசி பிறக்கும் முன்பே ஆலோசகருடன் பேசி வைத்துக்கொள்ளலாம். குடியிருப்பின் மாடிப்படிகள் அப்போதும் இருக்கின்றன.