சிலுவைப் போர் விளையாடலாம் வாங்க!



"டிப்ளமோ படிக்கிறவனுக்குச் சிலுவைப் போர் எதுக்குடா?" என்று என் அறைத்தோழன் ஒருநாள் கேட்டான். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு ஒரு டிராயிங் ஷீட்டும் இரண்டு பகடையும் அந்தப் பதிலைச் சொல்லின. எப்படி என்கிறீர்களா?

முதலில் நான்கு ஆண்டுகளை மனப்பாடம் செய்து கொள்ளுங்கள். 1095-ல் பிரான்சின் கிளெர்மாண்ட் நகரில் போப் இரண்டாம் அர்பன் விடுத்த அறைகூவல். 1099 ஜூலை 15-ல் ஐரோப்பியப் படை ஜெருசலேமைப் பிடித்தது. 1187-ல் சுல்தான் சலாஹுத்தீன் அதைத் திரும்ப வென்றார். 1291-ல் ஆக்கர் துறைமுகம் வீழ்ந்தது. மற்றதெல்லாம் இவற்றுக்கு நடுவே தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்தது புத்தகம். ஸ்டீவன் ரன்சிமன் 1951 முதல் 1954 வரை வெளியிட்ட மூன்று தொகுதிகள் புகழ்பெற்றவை. ஆனால் அதில் தொடங்காதீர்கள், பாதியில் தூக்கம் வந்துவிடும்! தாமஸ் ஆஸ்பிரிட்ஜ் 2010-ல் எழுதிய ஒரே தொகுதி போதும். கூடவே லெபனானில் பிறந்த அமீன் மாலூஃப், அரபு நூல்களை வைத்து 1983-ல் எழுதியதையும் படியுங்கள். அதே போர், அதே ஊர், ஆனால் கதை வேறு! ஒரு பக்கத்தை மட்டும் படித்தவன் பாதிதான் படித்தவன்.

இனி விளையாட்டு. பிரஷ்ய ராணுவம் 1824-லேயே மேஜைமேல் போர் விளையாடி அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தது. 1990-ல் வந்த 'டி பெல்லிஸ் ஆன்டிக்விட்டாடிஸ்' என்ற விதிநூல் ஒரு படைக்குப் பன்னிரண்டே பிரிவுகள் என்று சுருக்கியது. பொம்மை வீரர்கள் வாங்கக் காசில்லையா? நான் பழைய ரெக்கார்ட் நோட்டு அட்டையைத்தான் வெட்டினேன்.

ஷீட்டின் இடது ஓரம் சஃபூரியா நீரூற்று. வலது ஓரம் கலிலேயா ஏரியும் திபேரியாஸ் கோட்டையும். அதற்குச் சற்று முன்னால் ஹத்தீன் இரட்டைக் குன்று. நிஜத்தில் இடைவெளி சுமார் 25 கிலோமீட்டர். மன்னர் கீ பக்கம் 6 குதிரை வீரர், 6 காலாள். சலாஹுத்தீன் பக்கம் 4 குதிரை வீரர், 8 குதிரை வில்லாளி. உங்கள் முறை வந்ததும் பகடை போடுங்கள். விழுந்த எண் அத்தனை அட்டைகளை நகர்த்தலாம். ஒட்டி நிற்கும் அட்டைகளுக்கு ஒரே புள்ளி போதும். குதிரை 10 செ.மீ., காலாள் 5 செ.மீ. மோதினால் இருவரும் பகடை போட்டுப் பலத்தைக் கூட்டுங்கள். குதிரை வீரருக்கு 4, காலாளுக்கு 3, வில்லாளிக்கு 2. குறைந்தவன் பின்வாங்கணும். பாதிக்கும் கீழே போனால் காலி. முதலில் நான்கு அட்டை இழந்தவன் தோற்றான். பன்னிரண்டு முறைக்குள் மூன்று அட்டை ஏரியைத் தொட்டால் கீக்கு வெற்றி.

தண்ணீர் விதி மட்டும் எங்கள் சொந்தச் சரக்கு. நீரூற்றை விட்டு மூன்று முறை தாண்டினால் கீயின் பகடையில் எப்போதும் ஒன்று குறையும்.

முதல் ஆட்டத்தில் நான்தான் கீ. ஜூலை மாத வெயில், வழியில் போதிய தண்ணீர் இல்லை, போனால் தோல்விதான் என்று எனக்குத் தெரியும். புத்தகம் படித்தபோது "மடையன்! ஏன் போனான்?" என்று சிரித்தவன் நான். ஆனால் 1183-ல் இதே கீ சண்டையைத் தவிர்த்ததால் கோழை என்று பழிக்கப்பட்டு, வகித்த பதவியையே இழந்தார். 1187-ல் திபேரியாஸ் முற்றுகை. உள்ளே சிக்கியிருந்தவர் ரேமண்ட் பிரபுவின் மனைவி. அந்த ரேமண்டே "போக வேண்டாம்" என்றார். மன்னர் முதலில் சம்மதித்து, இரவில் மனம் மாறினார். ஜூலை 4-ல் ஹத்தீனில் தாகத்தில் தவித்த படை அழிந்தது. நானும் போனேன், எட்டாவது முறையில் தோற்றேன்! எதிரே அறைத்தோழன் "என்னடா, பயமா?" என்று சீண்டிக்கொண்டே இருந்தானே, எப்படி உட்கார்ந்திருப்பது?

மறுநாள் பக்கம் மாற்றி ஆடினோம். இதைக் கட்டாய விதியாகவே வையுங்கள். ஆட்டம் முடிந்ததும் அவன் கேட்டான்: "அப்புறம் ஊருக்குள்ள என்னடா ஆச்சு?" சொன்னேன். 1099-ல் முஸ்லிம்களும் யூதர்களும் கூட்டங்கூட்டமாக வெட்டப்பட்டனர். 1187-ல் ஊர் சரணடைந்தது, அப்படிப்பட்ட படுகொலை நடக்கவில்லை. ஆணுக்கு 10 தினார், பெண்ணுக்கு 5 என்று மீட்புத்தொகை. கட்ட முடியாத ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாயினர். இதற்கெல்லாம் எங்கள் ஷீட்டில் இடமில்லை, அட்டையும் இல்லை. இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அதனால்தான் சொல்கிறேன் நண்பர்களே, விளையாட்டை மட்டும் விளையாடி நிறுத்தாதீர்கள், புத்தகத்தையும் திறங்கள். நாங்கள் இழந்த அட்டைகளை மறுநாள் எடுத்து மறுபடி அடுக்கிவிட்டோம். ஹத்தீனில் விழுந்தவர்களை யார் அடுக்குவது?