தேர்தலில் வென்ற அரசை எதிர்த்து எழலாமா?

இந்தக் கேள்விக்குத் தன் சட்டப் புத்தகத்திலேயே பதில் எழுதி வைத்திருக்கும் நாடுகளில் ஒன்று, எங்களில் பலர் வாழும் ஜேர்மனி. அதன் அடிப்படைச் சட்டத்தின் 20 ஆவது உறுப்புரையில் நான்காவது பந்தி 1968 இல் சேர்க்கப்பட்டது. அரசியலமைப்பு ஒழுங்கை ஒழிக்க முனையும் எவரையும், வேறு வழி இல்லாதபோது, எதிர்க்கும் உரிமை எல்லா ஜேர்மனியருக்கும் உண்டு என்பது அதன் சாரம். 'எவரையும்' என்பதைக் கவனியுங்கள். துப்பாக்கியோடு தெருவில் வருபவரும் அதற்குள் அடக்கம், தேர்தலில் வென்று கதிரையில் இருப்பவரும் அடக்கம்.

அப்படி எழுதக் காரணம் இருந்தது. 1933 மார்ச் தேர்தலில் ஹிட்லரின் கட்சிக்கு 43.9 வீத வாக்குகள் கிடைத்தன. அதே மாதம் 23 ஆம் திகதி பாராளுமன்றமே கூடி, சட்டமியற்றும் அதிகாரத்தை அரசாங்கத்திடம் கொடுக்கும் சட்டத்தை 444 க்கு 94 என்று நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்தவர்கள் சமூக சனநாயகக் கட்சியினர் மட்டும். கம்யூனிஸ்ட் உறுப்பினர்களை உள்ளே வரவே விடவில்லை. வாக்கெண்ணிக்கை சரி, ஒப்பங்கள் சரி, ஐந்தொகை இருபக்கமும் சமப்படுகிறது. கம்பனியைத்தான் காணவில்லை.

நான் கணக்காளன், சட்டத்தரணி அல்ல. எனக்கு இது அற்றோணித் தத்துவம் மாதிரித்தான் விளங்குகிறது. ஊர்க் காணியைப் பார்க்கச் சொல்லி ஒருவருக்குத் தத்துவம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் எங்களில் எத்தனையோ பேர். அவர் தோட்டத்தைக் காயவிட்டால், குத்தகையை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தால், கோபம் வரும். தத்துவத்தை இரத்துச் செய்து வேறு ஆளைப் பார்ப்போம். தத்துவத்தை இரத்துச் செய்யவே முடியாதபடி அவர் காணியைத் தன் பேருக்கு மாற்றினால் அது வேறு விடயம். அரசாங்கத்துக்கும் இதே அளவுகோல்தான். மோசமாக ஆள்பவரை அடுத்த தேர்தலில் அனுப்பலாம். அடுத்த தேர்தலே வராமல் செய்பவரை என்ன செய்வது என்பதுதான் அந்தப் பந்தியின் கேள்வி.

இந்த அளவுகோலால் இலங்கையை அளந்து பார்க்கலாம். 2022 இல் காலிமுகத்திடலில் சனம் கூடியபோது கோட்டாபய ராஜபக்ச 52.25 வீத வாக்குகளோடு தெரிவான ஜனாதிபதி. பெறுமதி சேர் வரியை 15 இலிருந்து 8 வீதத்துக்குக் குறைத்தார்கள், இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள், 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். படுமோசமான நிர்வாகம். ஆனாலும் அது அரசியலமைப்பை ஒழிப்பது ஆகாது. விலகு என்று கூடிக் கத்துவது எந்தக் குடிமகனுக்கும் உள்ள சாதாரண உரிமை, அதற்குப் புரட்சி உரிமை தேவையில்லை. அவர் விலகியதும் பாராளுமன்றம் 134 வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்கவைத் தெரிந்தது. ஒழுங்கு அப்படியே இருந்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், ராஜபக்ச சகோதரர்களும் வேறு அதிகாரிகளும் மக்கள் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. கணக்காய்வு அறிக்கை கடை பூட்டிய பிறகு வந்த கதை.

1982 கதை வேறு. 1977 இல் ஆறில் ஐந்து பங்கு இடங்களை வென்ற பாராளுமன்றம், தேர்தலுக்குப் பதிலாக, அவசரகாலச் சட்டத்தின் கீழ் ஒரு சர்வசன வாக்கெடுப்பை டிசம்பர் 22 இல் வைத்தது. விளக்குக்குப் போட்டால் நீடிப்புக்கு ஆம், குடத்துக்குப் போட்டால் இல்லை. 54.66 வீதம் விளக்கு. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குடம். பழைய பெரும்பான்மை இன்னும் ஆறு வருடம் நீண்டது. 1983 ஓகஸ்டில் அந்த நீண்ட பாராளுமன்றம்தான் ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியது. தமிழர் விடுதலைக் கூட்டணியினர் அந்தச் சத்தியத்தைச் செய்யாமல் ஆசனங்களை இழந்தார்கள். 'வேறு வழி இல்லை' என்ற சொல்லுக்கு நான் அறிந்தவற்றில் இது மிகக் கிட்ட வரும் உதாரணம். அதே நேரம், வழி அடைபட்டதால் எதையும் யாருக்கும் செய்யலாம் என்று அந்தப் பந்தி சொல்லவில்லை. பஸ்ஸில் போகும் சனம் அரசாங்கம் அல்ல. எங்கள் வீடுகளில் இதைப் பேசத் தயங்குகிறோம், பிள்ளைகள் கேட்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. எழுச்சி வென்றால் அந்தப் பந்தியைக் காட்ட வேண்டிய தேவை வராது. தோற்றால் அதை ஏற்று விடுதலை செய்ய நீதிபதி எங்கே இருப்பார்? ஆகவே அது நீதிமன்றத்தில் காசாக்கும் காசோலை இல்லை. வழி அடைபடத் தொடங்கும்போதே கவனி என்று குடிமக்களுக்குக் கொடுத்த அறிவித்தல் என்றே நான் வாசிக்கிறேன்.

வழி எப்போதும் ஒரே நாளில் அடைபடுவதும் இல்லை. 2023 மார்ச்சில் வைக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைக் காசில்லை என்று நிறுத்தினார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தேர்தல் 2025 மே மாதத்தில்தான் நடந்தது. வட மாகாண சபைக்குக் கடைசியாக வாக்களிப்பு நடந்தது 2013 செப்ரெம்பரில். அதன் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. எல்லை நிர்ணயம் முடியவில்லை என்று ஒவ்வொரு அரசாங்கமும் தள்ளிப் போட்டது.