பள்ளிக்கூடத்தில் ஒரு டம்ளர் காபி

இங்கிலாந்தில் பல தொடக்கப் பள்ளிகளில் 'காபி மார்னிங்' என்றொரு வழக்கம் உண்டு. காலையில் பிள்ளையை வகுப்பில் விட்ட கையோடு அம்மாவோ தாத்தாவோ அங்கேயே உட்கார்ந்து, காபி குடித்தபடி ஆசிரியர்களோடு பேசலாம். மார்க் பற்றிய விசாரணை கிடையாது.

நம்ம செம்பூரில் இதற்கு நெருங்கிய உறவு 'பாலக் சபா'. ஆனால் அது சபை. மராத்தியில் பேச்சு நடக்கும்போது, கடைசி வரிசையில் இருக்கும் நம்ம ஊர் அம்மா "நமக்கென்ன புரியப் போகுது" என்று பேசாமல் இருந்துவிடுவார்.

இழப்பு சின்னதல்ல. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, மாநகராட்சிப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் தீட்டுவதும் இவர்கள் பொறுப்பு.

வாய் திறந்து பழகாதவர் அங்கே போய்க் கணக்குக் கேட்பாரா? கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்பதை முதலில் டம்ளரும் கையுமாகப் பக்கத்து அம்மாவிடம் சொல்லட்டும். அவரும் "ஆமா" என்றால், டீச்சரிடம் சொல்லத் தைரியம் வரும். டிகாக்ஷன் போட நமக்குச் சொல்லியா தர வேண்டும்!

பாட்டிகளையும் கூப்பிடுங்கள். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவங்கதானே. நேரம் மட்டும், குழாயில் தண்ணீர் பிடித்து முடிந்த பிறகு இருக்கட்டும்.