ஒரு ரசிகரும் மூன்று பைத்தியங்களும்

அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தின் தலைநகரம் கொலம்பஸ். அந்த ஊரில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். வீட்டுக்காரருக்கு வயது அறுபது. நல்ல மனிதர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஆனால் மூன்று பைத்தியங்கள் உண்டு. பூட்ஸ் வாங்கிய அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கும் பழைய கேசட்டுகள் ஒன்று. சனிக்கிழமை தோறும் நடக்கும் கல்லூரிக் கால்பந்து ஆட்டம் இரண்டு. அரசியல் மூன்று.

அவருடைய மனைவி இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டு முப்பது வருஷம் ஓட்டிவிட்டாள். அவளுக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான். அது நவம்பர் மாதம்.

நவம்பரில் முதல் திங்கட்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை தேர்தல் நாள். 1845-ல் போட்ட சட்டம்; விவசாயிகள் ஞாயிற்றுக்கிழமை கோயிலை முடித்துக்கொண்டு, புதன்கிழமைச் சந்தைக்கு முன்னால் வண்டி கட்டிப் போய் வோட்டுப் போட்டு வரட்டும் என்று வைத்தார்களாம். வண்டி போய்விட்டது, செவ்வாய் போகவில்லை. நாலாவது வியாழக்கிழமை நன்றியறிதல் திருநாள். உறவினர் எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து வான்கோழி சாப்பிட வேண்டும். அதற்கு இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை, ஓஹையோ ஸ்டேட் சர்வகலாசாலைக்கும் மிஷிகன் சர்வகலாசாலைக்கும் கால்பந்து ஆட்டம்.

அம்மாளின் பிறந்தகம் மிஷிகன். விருந்துக்கு வருகிறவர் அவளுடைய அண்ணா. ஆட்டத்தில் அவர் மிஷிகன் கட்சி. அரசியலிலும் மைத்துனருக்கு எதிர்க் கட்சி.

தமிழில் 'கட்சி' என்ற சொல்லை வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். தெருவில் பையன்கள் பிரிந்துகொண்டு ஆடுவதும் கட்சிதான்; வோட்டுக் கேட்டு வருவதும் கட்சிதான். அமெரிக்கர்கள் இரண்டுக்கும் தனித்தனி வார்த்தை வைத்திருக்கிறார்கள். வார்த்தைதான் தனி.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். பெயர் கால்பந்து என்றாலும் காலுக்கு அதில் வேலை கொஞ்சம். கோழிமுட்டைபோல் நீண்ட பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனைக் கட்டிப் பிடித்துத் தள்ளுவதும்தான் பிரதானம். இரண்டு கல்லூரிகளுக்கு இடையே முதல் ஆட்டம் நடந்தது 1869-ல், அதுவும் நவம்பரில்தான். ரட்கர்ஸ் கல்லூரி ஆறுக்கு நாலு என்று பிரின்ஸ்டனை ஜெயித்தது. இன்றைக்கு மிஷிகன் சர்வகலாசாலையின் மைதானத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம். கல்லூரிப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க!

ஓஹையோ-மிஷிகன் பகை 1897-ல் ஆரம்பித்தது. ஆட்டம் நடக்கும் வாரத்தில், கொலம்பஸ் சர்வகலாசாலையில் பெயர்ப் பலகைகளில் 'எம்' என்ற எழுத்து எங்கே இருந்தாலும் அதன்மேல் சிவப்பு நாடாவால் பெருக்கல் குறி போட்டு மூடிவிடுவார்கள். மிஷிகன் என்ற பெயர் அந்த எழுத்தில் ஆரம்பிப்பதுதான் அது செய்த குற்றம்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் எல்லாப் பகையும் எழுத்தோடு நிற்பதில்லை. தெற்கே அலபாமா மாகாணத்தில் ஆபர்ன் என்ற ஊர். அங்கே தங்கள் கட்சி ஜெயித்தால் நாற்சந்தியில் இருந்த இரண்டு பழைய ஓக் மரங்களின்மேல் கழிப்பறைக் காகிதச் சுருள்களை வீசி மரத்தையே வெள்ளையாக்கிவிடுவது வழக்கம். 2010 நவம்பரில் ஆபர்ன் அணி அலபாமா அணியை ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தது. தோற்ற கட்சி அபிமானி ஒருவர் அந்த மரங்களின் வேரில் விஷம் ஊற்றினார்; பிறகு வானொலி நிகழ்ச்சிக்கு டெலிபோன் செய்து, விஷம் வைத்ததைத் தாமே பெருமையாகச் சொல்லவும் செய்தார். ஜெயிலுக்குப் போனார். மரங்கள் பிழைக்கவில்லை, 2013-ல் வெட்டி எடுத்தார்கள். ஒன்று சொல்ல வேண்டும்: அந்த மரங்களைக் காப்பாற்ற அலபாமா அபிமானிகளே பணம் திரட்டிக் கொடுத்தார்கள்.

இனி அரசியல். 2010-ல் மூன்று ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேடிக்கையான கணக்குப் போட்டார்கள். தேர்தலுக்கு முந்தின பத்து நாளில் உள்ளூர்க் கல்லூரி அணி ஜெயித்தால், பதவியில் இருக்கும் கட்சிக்கு நூற்றுக்கு 1.61 வோட்டு அதிகம் விழுகிறது என்று கண்டார்கள். ஆட்டத்தில் ஜெயித்த சந்தோஷம் வோட்டுப் பெட்டி வரைக்கும் ஒட்டிக்கொண்டு வருகிறதாம். 2015-ல் வேறு இருவர் அதே கணக்கைத் துருவிப் பார்த்து, இது தற்செயலாக அமைந்தது, காரணமில்லை என்று மறுத்தார்கள். மறுத்தவர்கள் பக்கமே நியாயம் இருக்கலாம். ஆனாலும் முதல் கணக்கைக் கேட்டபோது எத்தனை பேர் 'அதுதானே!' என்று தலையாட்டினார்கள் என்பதுதான் எனக்கு ருசிகரமாக இருக்கிறது.

மற்றொரு கணக்குக்கு நம் கொலம்பஸ் அம்மாளே சாட்சி சொல்வாள். 2016-ஆம் வருஷத் தேர்தலுக்குப் பிறகு வந்த நன்றியறிதல் விருந்தை இரண்டு பொருளாதார நிபுணர்கள் அளந்தார்கள். கைத்தொலைபேசிகள் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் இருந்தன என்ற விவரத்தை வைத்துப் பார்த்ததில், வெவ்வேறு கட்சி உறவினர்கள் கூடிய விருந்துகள் முப்பது முதல் ஐம்பது நிமிஷம் முன்னதாகவே முடிந்துவிட்டன! காலையிலிருந்து அடுப்படியில் நின்றவளுக்கு அந்த ஐம்பது நிமிஷத்தின் விலை தெரியும்.

கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டிகளுக்கு இப்போது வருவோம். உண்மையில் இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அவற்றுக்காகத்தான்.

'ஜாம் பாண்ட்' என்று ஒரு வகை வாத்தியக் கோஷ்டி உண்டு. ரொட்டியில் தடவுகிற ஜாம் அல்ல. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, அதைவிட்டு வெளியே போய், எங்கெங்கோ சுற்றி, இருபது நிமிஷம் கழித்துத் திரும்பி வந்து சேருகிற கோஷ்டி. நம் சங்கீத பாஷையில் சொன்னால், மனோதர்மம். இவர்களுக்கெல்லாம் மூத்தது 1965-ல் காலிபோர்னியாவில் தொடங்கிய 'கிரேட்ஃபுல் டெட்'. ஜெரி கார்ஸியா 1995-ல் காலமாகும் வரை முப்பது வருஷத்தில் சுமார் 2,300 கச்சேரிகள் செய்தார்கள். ஒரே பாட்டை இரண்டு நாள் ஒரே மாதிரி வாசித்தது கிடையாது. அதனால் ரசிகனுக்கு ஒரு இசைத்தட்டு போதவில்லை. எல்லா நாளும் வேண்டும்!

கச்சேரிக்குள் டேப் ரிக்கார்டரை ஒளித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். மற்றக் கோஷ்டிகள் பிடித்து வெளியே தள்ளியிருக்கும். இவர்கள் 1984-ல் ஒலிப்பதிவு செய்கிறவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கினார்கள். அங்கே மைக் கம்பங்கள் மூங்கில் தோப்புப்போல் நிற்கும். பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. பேசினால் நாடெங்கும் போகும் டேப்பில் காலம் முழுவதும் அந்தப் பேச்சுக் கேட்கும்.

ஒரே ஒரு விதி: டேப்பை விற்கக் கூடாது. முன்பின் தெரியாத ஒருவரிடம் இரண்டு வெற்றுக் கேசட்டும் திரும்பி வரத் தபால் தலையும் அனுப்பினால், அவர் கச்சேரியைப் பதிந்து திருப்பி அனுப்புவார். கூலி கிடையாது. பிரதிக்குப் பிரதி 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் ஏறும். ஆகையால் டேப்புக்கும் வம்சாவளி உண்டு. 'இது எத்தனையாவது தலைமுறை?' என்று சம்பந்தம் பேசுவதுபோல் விசாரிப்பார்கள்.

இந்தக் கதையின் நாயகி ஒரு பெண்மணி. பெயர் பெட்டி. (டேப் நிறைந்த பெட்டிகளுக்கு வாய்த்த பெயர்!) பெட்டி காண்டர்-ஜாக்ஸன் அம்மையார் அந்தக் கோஷ்டியின் ஒலிப்பதிவாளர். மேடை ஒலியை நேரே டேப்பில் பிடித்து நூற்றுக்கணக்கான பதிவுகள் செய்தார். பிறகு அவருக்குக் கஷ்ட காலம். சாமான்களைப் போட்டு வைத்திருந்த இடத்துக்கு வாடகை பாக்கி. 1986-ல் டேப்புகள் உள்பட எல்லாம் ஏலத்தில் போய்விட்டன. யார் யாரோ எடுத்தார்கள். சில டேப்புகள் கெட்டே போயின. ரசிகர்கள்தாம் அவற்றைத் தேடிப் பிடித்து, செப்பனிட்டு, பிரதி எடுத்துப் பரப்பினார்கள். அவர் பதிந்தவற்றுள் ஒன்று, 1977 மே 8-ஆம் தேதி கார்னெல் சர்வகலாசாலையில் நடந்த கச்சேரி. அன்று அந்த நாட்டில் அன்னையர் தினம். மே மாதமாயிருந்தும் வெளியே பனி பெய்ததாம். 2011-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தேசத்துக்காகப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது. கடையில் முறைப்படி விற்பனைக்கு வந்தது 2017-ல்தான். அந்த நாற்பது வருஷமும் அது ரசிகர்களின் தபாலிலேயே வாழ்ந்திருக்கிறது.

கால்பந்திலோ காசு புகுந்துவிட்டது. ஆடும் மாணவர்கள் விளம்பரத்தில் தோன்றிப் பணம் வாங்கலாம் என்று 2021-ல் விதி வந்தது. 2025 முதல் சர்வகலாசாலையே அவர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். உடம்பு நோக ஆடுகிறவனுக்குக் கொடுப்பது நியாயமே. சொல்ல வந்தது, டேப் உலகத்தில் தோற்கடிக்க வேண்டிய எதிரணி என்று யாரும் இல்லை என்பதுதான். சண்டை இல்லாமல் இல்லை. மேடை டேப் உயர்ந்ததா, கூட்டத்தில் எடுத்த டேப் உயர்ந்ததா என்று விடிய விடிய வாதிடுவார்கள். மிஞ்சியிருந்த கோஷ்டியினர் 2008-ல் ஒபாமாவுக்காகக் கச்சேரி செய்து அரசியலிலும் இறங்கினார்கள். ஆனாலும் ரசிகர் ஜாபிதாவைப் பாருங்கள்: டெமாக்ரடிக் கட்சியின் செனட்டராக நெடுநாள் இருந்த பாட்ரிக் லேஹி அதில் இருக்கிறார், அந்தக் கட்சியைக் கண்டாலே சீறும் எழுத்தாளர் ஆன் கோல்டர் அம்மாளும் இருக்கிறார்.

கொலம்பஸ் வீட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் விட்டேன். நம் ரசிகர் இளைஞராக இருந்தபோது, மிஷிகனில் யாரோ ஒருவருக்கு இரண்டு வெற்றுக் கேசட்டும் தபால் தலையும் அனுப்பினார். பதிந்து அனுப்பியவர்தான் இன்றைய மைத்துனர். பார்சலை ஒட்டித் தபாலில் சேர்த்தவள், அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவருடைய தங்கை.

வியாழக்கிழமை. வான்கோழி பாதி காலியாகவில்லை. யாரோ தேர்தல் பேச்சை எடுத்தார்கள். குரல் உயர்ந்தது; பிறகு ஒரேயடியாக அடங்கியது. அண்ணா எழுந்து கோட்டைத் தேடினார். மணி மூன்றரை.

அம்மாள் ஒன்றும் பேசாமல் படுக்கையறைக்குப் போனாள். ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணா, இதிலே மே எட்டாம் தேதி என்று இரண்டு இருக்கிறதே, இதில் எது நல்லது?"

"கறுப்பு உறை போட்டது" என்றார் வீட்டுக்காரர், ஜன்னலைப் பார்த்தபடியே.

கோட்டில் ஒரு கையை நுழைத்திருந்த அண்ணா திரும்பினார். "கறுப்பு உறையா? அது மூன்றாம் தலைமுறை. நானே பதிந்தது, எனக்குத் தெரியாதா?"

"இரண்டாம் தலைமுறை என்று உறையின் மேல் நீர்தானே எழுதியிருக்கிறீர்!"

"எங்கே, போடும் பார்க்கலாம்."

அம்மாள் சமையலறைக்குப் போய் மறுபடியும் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள்.