காயம் ஆறிய பின்னும் தொடரும் இழுப்பு

ஆழமான தீக்காயம் ஆறி வீடு திரும்பியதும் சிகிச்சை முடிந்துவிட்டதாக நம்மில் பலர் எண்ணுகிறோம். தழும்பு கையையோ கழுத்தையோ மடக்கத் தொடங்குவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். இதன் காரணத்தை அறிந்திருந்தால், நம் குடும்பத்தில் ஒருவரது கை முடங்காமல் காக்க இயலும்.

தோல் எப்போதும் ஏதேனும் ஒரு திசையில் இழுபட்டே இருக்கிறது. 1861-இல் ஆஸ்திரிய உடற்கூற்றியல் அறிஞர் கார்ல் லாங்கர், இறந்தோர் உடல்களில் உருண்டையான கூர்முனையால் துளையிட்டபோது, துளைகள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் திறந்தன. அவற்றை இணைத்து அவர் வரைந்த கோடுகள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. இழுவிசைக்குக் குறுக்கே அமையும் தழும்பு அகன்று தடிக்கும். அறுவை மருத்துவர் கீறலின் திசையைத் தேர்ந்தெடுக்கலாம். தீக்காயத்தில் அதற்கு வழியில்லை.

ஆழமான காயம் ஆறும்போது, அதைச் சுருக்கி மூடும் செல்கள் பெருகுகின்றன. இழுவிசை மிகுந்தால் அவை மேலும் நார்களை உருவாக்குகின்றன. மூன்று வாரங்களுக்கு மேல் ஆறாத காயங்களில் தடித்த தழும்பு உண்டாகும் வாய்ப்பு மிகுதி. தழும்பு முதிர்ந்து அடங்க ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை அது சுருங்கிக்கொண்டிருக்கும். முழங்கை, அக்குள், கழுத்து, விரல் மடிப்பு ஆகிய இடங்களில் அச்சுருக்கம் மூட்டையே மடக்கிவிடுகிறது.

வலி குறைய நோயாளி தாமாக எடுத்துக்கொள்ளும் நிலையே சுருக்கத்துக்குத் துணைபோகிறது. கழுத்தின் முன்புறம் வெந்தவருக்கு உயரமான தலையணை இதமளிக்கும். ஆனால் தாடை மார்பை நோக்கி இழுக்கப்படும். அக்குளில் காயமுற்றவர் கையை உடலோடு ஒட்டி வைத்தால், பின்னர் அதை உயர்த்துவது கடினம். எனவேதான் மருத்துவர்கள் கையை விரித்து வைக்கவும், இரவில் மட்டை கட்டவும் அறிவுறுத்துகின்றனர்.

இழுவிசை தழும்பைத் தடிக்கச் செய்யுமெனில், நீட்டிப் பயிற்சி செய்வது முரணன்றோ? அன்று. வெடுக்கென இழுப்பது தழும்பைக் கீறிப் புண்ணாக்கும். மெதுவாக நீட்டிச் சிறிது நேரம் நிறுத்துவது நார்களை நீட்சியின் திசையில் அமையச் செய்யும். தோல் ஒட்டு வைத்திருந்தால் அது பிடிக்கும்வரை சில நாள் அசைவு கூடாது. பயிற்சி தொடங்கும் நாளை இயன்முறை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 23 மணி நேரம் அணியும் அழுத்த உடையும் சிலிகான் தகடும் தழும்பைத் தட்டையாக்க உதவுகின்றன. இவற்றுக்குப் பின்னும் மூட்டு மடங்கியிருந்தால், அறுவை சிகிச்சையால் தழும்பை விடுவிக்கலாம்.

விரல்கள் மடங்கிக் கையொப்பமிட இயலாத வாடிக்கையாளர்கள் தயங்க வேண்டியதில்லை. வங்கி அறிந்த இரு சாட்சிகள் அடையாளம் காட்ட, கைவிரல் அல்லது கால்விரல் ரேகையைப் பதித்துப் பணம் பெறலாம். சாட்சிகளுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். எனினும், அந்நிலை நேராதிருக்க, காயம் ஆறிய பின்னும் ஓராண்டேனும் பயிற்சியைக் கைவிடாதிருப்போமாக.