டேங்கர் லாரி பின்னால் 1203, 1075... இந்த நம்பர்கள் நமக்கு என்ன சொல்கின்றன?

2025 ஜனவரி 3, அதிகாலை. கொச்சியில் இருந்து வந்த எல்பிஜி டேங்கர் ஒன்று கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் கவிழ்ந்தது. கேஸ் கசியத் தொடங்கியது. தீயணைப்புத் துறையினர் தொடர்ந்து தண்ணீரைப் பீய்ச்சியடித்தனர். போக்குவரத்து திருப்பிவிடப்பட்டது. அக்கம்பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. பல மணி நேரப் போராட்டத்துக்குப் பிறகு நிலைமை கட்டுக்குள் வந்தது. நல்லவேளையாக, உயிரிழப்பு இல்லை.

இப்படி ஒரு வண்டி கவிழ்ந்து கிடக்கும்போது முதலில் எழும் கேள்வி, 'உள்ளே என்ன இருக்கு?' என்பதுதான். தூரத்தில் இருந்து பார்த்தால் பெட்ரோல் டேங்கர், ஆசிட் டேங்கர், ஏன் பால் டேங்கர்கூட ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். டிரைவர் பேசும் நிலையில் இல்லை என்றால், பதில் சொல்வது வண்டியின் மேல் இருக்கும் போர்டு மட்டுமே.

போர்டில் என்ன இருக்க வேண்டும்?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 134-வது விதி இதைச் சொல்கிறது. ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டியின் இரண்டு பக்கங்களிலும் பின்புறத்திலும் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும். அதில் இருக்க வேண்டியவை:

- சரக்கின் சரியான தொழில்நுட்பப் பெயர்
- யு.என். எண் (குறைந்தது 100 மி.மீ. உயரத்தில்)
- ஆபத்தின் வகையைக் காட்டும் சாய்சதுர லேபிள் (குறைந்தது 250 மி.மீ.)
- அவசர உதவிக்கான போன் நம்பர்
- சரக்கை அனுப்பியவர் அல்லது நிபுணரின் போன் நம்பர்

இதே விவரங்களைச் சொல்லும் 'ட்ரெம் கார்டு' டிரைவர் கேபினிலும் இருக்க வேண்டும். ஆனால், கேஸ் கசியும் வண்டியின் கேபினுக்குள் போய் யார் அதை எடுப்பது? அதனால்தான் வெளியே, தூரத்தில் இருந்தே படிக்கிற அளவில் போர்டு கேட்கிறார்கள்.

பெயர் இருக்கும்போது நம்பர் எதுக்கு?

நாம் பெட்ரோல் என்பதை அமெரிக்காவில் கேசோலின் என்பார்கள். ஆவணங்களில் மோட்டார் ஸ்பிரிட் என்று இருக்கும். விபத்து நடந்த இடத்தில் இந்தக் குழப்பம் உதவாது. ஐ.நா. நிபுணர் குழு 1956-ல் முதன்முதலாக வெளியிட்ட பரிந்துரைகளில் இருந்து வளர்ந்ததுதான் இன்றைய உலகப் பொது முறை. இதன்படி ஒவ்வொரு ஆபத்தான பொருளுக்கும், அல்லது ஒரே தன்மை கொண்ட பொருட்களுக்கும், 4 இலக்க எண் உண்டு.

நம்ம ஊர் ரோட்டில் அடிக்கடி கண்ணில் படக்கூடியவை: 1203 பெட்ரோல், 1202 டீசல், 1075 எல்பிஜி, 1005 அமோனியா, 1017 குளோரின், 1830 சல்பியூரிக் ஆசிட், 1789 ஹைட்ரோகுளோரிக் ஆசிட், 1073 திரவ ஆக்சிஜன்.

எதுவா இருந்தாலும் தண்ணி அடிச்சா போதாதா?

போதாது. இங்கேதான் அந்த நம்பரின் அருமை தெரியும். பெட்ரோல் தண்ணீரில் மிதக்கும். எரியும் பெட்ரோல் மீது தண்ணீரைப் பாய்ச்சினால் தீயும் அதோடு பரவும். அடர் சல்பியூரிக் ஆசிட்டில் தண்ணீர் பட்டால் கடுமையாகச் சூடாகித் தெறிக்கும். காற்றில் பரவும் அமோனியாவையோ தண்ணீர்த் தூறல் உறிஞ்சிக்கொள்ளும்.

இதைச் சுருக்கமாகச் சொல்லத்தான் பல டேங்கர்களில் 'ஹாஸ்கெம்' குறியீடு இருக்கிறது. பிரிட்டனில் உருவான முறை இது. பெட்ரோல் டேங்கரில் இருக்கும் '3ஒய்இ' என்பதைப் பிரித்துப் பார்க்கலாம். 3 என்றால் நுரை கொண்டு அணைக்க வேண்டும். 'ஒய்' என்றால் வெடிக்கும் அபாயம் உண்டு, மூச்சுக்கருவி அணிய வேண்டும், கொட்டியதைச் சாக்கடையில் கலக்க விடாமல் தடுக்க வேண்டும். 'இ' என்றால் மக்களை வெளியேற்றுவது பற்றி உடனே யோசிக்க வேண்டும். மூன்றே எழுத்தில் தீயணைப்பு வீரருக்கு முழு உத்தரவு.

எவ்வளவு தூரம் விலக வேண்டும் என்பதும் நம்பரைப் பொறுத்தே மாறும். வட அமெரிக்காவில் தீயணைப்புத் துறையினர் பயன்படுத்தும் அவசரகால வழிகாட்டியின்படி, பெட்ரோல் டேங்கர் தீப்பிடித்தால் எல்லாத் திசையிலும் 800 மீட்டர் விலக வேண்டும். எல்பிஜி டேங்கர் என்றால் 1,600 மீட்டர்.

லேபிளின் கலர் சொல்வது என்ன?

நம்பர் ஞாபகம் இல்லை என்றாலும் கலரை வைத்து ஓரளவு புரிந்துகொள்ளலாம். சிவப்பு, தீச்சுடர் - எளிதில் தீப்பற்றும். வெள்ளை, மண்டை ஓடு - விஷம். மேலே வெள்ளை, கீழே கறுப்பு - தோலையும் உலோகத்தையும் அரிக்கும். நீலம் - தண்ணீர் பட்டால் ஆபத்து. மஞ்சள், வட்டத்தின் மேல் சுடர் - பிற பொருட்களை வேகமாக எரியவைக்கும்.

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர்களுக்குக் கடல்வழி விதிகள் இன்னும் கறார். நான்கு பக்கமும் லேபிள் வேண்டும். 450 லிட்டருக்கு மேல் கொள்ளும் பெரிய பிளாஸ்டிக் கூண்டுத் தொட்டிகளில் எதிரெதிர் இரண்டு பக்கங்களிலும் ஒட்ட வேண்டும்.

காலி டேங்கர்னா பயமில்லையா?

சரக்கை இறக்கிய பிறகும் உள்ளே ஆவி மிச்சம் இருக்கும். பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்தால் ஒரு பொறி போதும். எனவே டேங்கைச் சுத்தம் செய்யும் வரை லேபிளை எடுக்கக்கூடாது என்பதே சர்வதேச நடைமுறை. சுத்தம் செய்து வேறு சரக்கு ஏற்றினால், போர்டையும் மாற்ற வேண்டும். மண் படிந்து நம்பர் தெரியாத போர்டு, நேற்றைய சரக்கின் நம்பரையே சுமக்கும் போர்டு, இரண்டுமே ஆபத்து. அதிலும் தவறான நம்பர் மோசமானது. தீயணைப்பு வீரர் அதை நம்பித்தான் உள்ளே போகிறார்.

நீங்கள் அங்கே இருந்தால்?

2017 ஜூன் 25, பாகிஸ்தானின் அகமத்பூர் ஷர்கியா அருகே பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்தது. கொட்டிய பெட்ரோலைப் பிடிக்க மக்கள் பாத்திரங்களோடு திரண்டார்கள். திடீரெனத் தீப்பற்றியதில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

டேங்கர் கவிழ்ந்து கிடந்தால் கிட்டே போகக்கூடாது. வண்டி எஞ்சினை அணைத்துவிட்டு, காற்று எந்தப் பக்கம் இருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக விலக வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. பள்ளத்திலும் சாக்கடையிலும் தேங்கும். அதனால் மேடான இடமே நல்லது.

பத்திரமான தூரம் போன பிறகு 112-க்கோ 101-க்கோ போன் செய்யலாம். இடத்தைச் சொன்னதும், போர்டு கண்ணில் பட்டிருந்தால் அந்த 4 இலக்க எண்ணையும் சொல்லுங்கள். செல்போன் கேமராவை ஜூம் செய்தால் தூரத்தில் இருந்தே படிக்கலாம். அதற்காக ஓர் அடிகூட முன்னால் போக வேண்டாம். நுரை வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா, எத்தனை தெருக்களைக் காலி செய்ய வேண்டும் என்பதைத் தீயணைப்பு வண்டி வந்து சேரும் முன்பே முடிவு செய்ய அந்த நம்பர் போதும்.